டிரையர் பக்கத்தில் மாட்டிய ஸ்விட்ச்

மூன்று வருடங்களுக்கு முந்தைய கோடை. தேனி மாவட்டத்தில், சின்னமனூருக்குப் பக்கத்தில் ஒரு புழுங்கல் அரிசி ஆலையில் நான் மெயின்டெனன்ஸ் பொறுப்பில் இருந்தேன். பழைய ஆலையை அந்த வருடம்தான் ஆட்டோமேஷனுக்கு மாற்றியிருந்தோம். பாய்லர், அவித்த நெல்லைக் காயவைக்கும் டிரையர், கறுப்பு அரிசியைப் பொறுக்கித் தள்ளும் மெஷின் எல்லாவற்றையும் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தே பார்த்துக்கொள்ளலாம். இந்த மெஷின்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள நடுவில் ஒரு பெட்டி வேண்டும். அதுதான் நெட்வொர்க் ஸ்விட்ச். லைட் போடுகிற சுவிட்ச் இல்லை. கேபிள்கள் எல்லாம் வந்து சேருகிற, வரிசையாகப் பச்சை விளக்கு மினுக்குகிற ஒரு சின்னப் பெட்டி.

அதைத் தேர்ந்தெடுத்தது நான். மதுரையிலிருந்து வந்த சப்ளையர், ஃபேக்டரிக்கென்றே செய்த கனமான பெட்டி ஒன்றைக் காட்டினார். சூடு, தூசி, அதிர்வு எல்லாவற்றையும் தாங்குமாம். விலையோ ஆபீஸில் வைக்கிற சாதாரண ஸ்விட்சைவிடப் பல மடங்கு. இரண்டிலும் கேபிள் செருக அதே எட்டு ஓட்டைதானே என்று அவரை மடக்கினேன். அவர் வெப்ப அளவு பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் காதில் வாங்கவில்லை. ஆபீஸ் ஸ்விட்சையே வாங்கி, டிரையருக்குப் பக்கத்தில் மேற்குச் சுவரில் இருந்த பேனலுக்குள் மாட்டினேன். சிக்கனக்காரன் என்று முதலாளி பாராட்டினார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பங்குனியில் தொல்லை ஆரம்பித்தது. வாரத்துக்கு ஒரு தடவையாவது, மதியம் இரண்டரை மணி வாக்கில், ஸ்விட்ச் செயலிழந்து டிரையர் தானாக நின்றுவிடும். ஸ்விட்சை அணைத்துப் போட்டாலும் சில நாள் ஒரு மணி நேரம் உயிர் வராது. அவித்த நெல் ஈரத்தோடு உள்ளே கிடந்தால் வாடை வந்துவிடும், அரிசியும் நிறம் மாறிவிடும். ஒரு லோடு அப்படிக் கெட்டதும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, யார் காரணம் என்று கண்டுபிடித்து எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து, ஆலைக் கேமராவில் டிரையர் நின்ற நாட்களை மட்டும் எடுத்து ஓட்டிப் பார்த்தேன். ஐந்து நாளிலும் ஒரே காட்சி. உமியும் தவிடும் கூட்டுகிற பெண் ஒருவர் பேனல் கதவைத் திறக்கிறார். கேமராவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து உள்ளே என்னவோ செய்கிறார். சில நிமிடங்களில் டிரையர் நிற்கிறது. பேனலைத் தொட அவருக்கு அனுமதியே கிடையாது. எனக்கு வேறென்ன வேண்டும்?

அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை எழுதும்போதுகூடக் கூச்சமாக இருக்கிறது. படத்தோடு ரிப்போர்ட் கொடுத்தேன். மறுநாள் ஷிஃப்ட் ஆரம்பிக்கும் நேரத்தில், எல்லா ஆட்களும் நிற்கும்போதே, மேனேஜர் அந்தப் பெண்ணை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மரத்திலிருந்து விழுந்த கணவர் படுத்த படுக்கையாக இருந்த வீடு அது. இந்தச் சம்பளத்தில்தான் அங்கே அடுப்பு எரிந்தது என்பது எனக்கும் தெரியும். அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேனேஜர் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் மோட்டாரைப் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

அன்று மதியமே டிரையர் நின்றது. மறுநாளும் நின்றது. மூன்றாம் நாள் இரண்டு தடவை. நேராகப் போய்ப் பேனல் கதவில் கை வைத்தவன், வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன். தோசைக்கல் மாதிரிக் கொதித்தது. ஒரு பக்கம் டிரையர் அனல், மறுபக்கம் தகரச் சுவரில் சாய்கிற வெயில். பேனலுக்கும் சுவருக்கும் இடையில், ஓரம் கிழிந்த சொளகு ஒன்று செருகியிருந்தது.

நெல் புடைக்கிற சொளகுக்கு இங்கே என்ன வேலை என்று டிரையர் ஆப்பரேட்டரைக் கேட்டேன்.

"அந்தக்கா விசிறுறது சார். பொட்டிக்குள்ள லைட்டு தாறுமாறா மினுக்குச்சுன்னா, அங்கன போயி கதவத் தெறந்து விசிறுவாக. கொஞ்ச நேரத்துல சரியாயிரும். ரொம்பச் சூடாயிருச்சுன்னாத்தான் நின்டுரும்."

ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கோபப்பட்டேன்.

"நீங்க யாருகிட்ட சார் கேட்டீக? கேமராவத்தான பாத்தீக."

மறுபடியும் கண்ட்ரோல் ரூமுக்குப் போனேன். இந்தத் தடவை, டிரையர் நிற்காத நாட்களைப் போட்டுப் பார்த்தேன். அந்த நாட்களிலும் அவர் இருந்தார். அநேகமாகத் தினமும், அதே நேரத்தில், வியர்வையில் ஒட்டிய ரவிக்கையோடு குனிந்து நின்று விசிறிக்கொண்டிருந்தார். டிரையர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்விட்சோடு வந்த காகிதத்தைத் தேடி எடுத்தேன். நாற்பது டிகிரி வரைதான் தாங்கும் என்று கடைசி வரியில் போட்டிருந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் முழுக்க என்னுடையது.

மறுநாள் காலையில் அவர் ஊருக்குப் போனேன். வாழைத் தோட்டத்தில் சருகு அறுத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, வேலைக்கு வரச் சொன்னேன். அரிவாளைக் கீழே வைக்காமலேயே கேட்டுக்கொண்டார்.

"வாரேன் சார். ஆனா அத்தன சனத்துக்கு முன்னாடி என்னையப் போகச் சொன்னாக. மெஷினக் கெடுத்தவளுன்னு ஊருக்குள்ள பேராயிருச்சு. நீங்க இங்கன வந்து வாழைக்கு நடுவுல மன்னிப்புக் கேட்டா யாருக்குத் தெரியும்?"

திரும்புகிற வழி முழுக்க, எப்படியாவது நோகாமல் இதை முடித்துவிட முடியுமா என்றுதான் யோசித்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மேனேஜரையே சமாதானம் சொல்ல வைக்கலாம் என்றுகூடத் தோன்றியது. கடைசியில் முதலாளியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர், சரியான பெட்டியை வாங்கு, ஆட்களிடம் நீயே சொல்லிவிடு என்றார்.

திங்கட்கிழமை ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன், அதே இடத்தில், அந்தப் பெண்ணும் மேனேஜரும் இருக்க, சொன்னேன். "டிரையர் நின்னதுக்குக் காரணம் நான்தான். நான் வாங்குன பெட்டி இந்தச் சூட்டைத் தாங்காது. இத்தனை நாளும் அது ஓடுனதே இவுக விசிறுனதாலதான்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை, கண் கலங்கவும் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பத்து நாளில் புது ஸ்விட்ச் வந்தது. எழுபது டிகிரிக்கு மேலும் தாங்குகிற, தூசி புக இடமே இல்லாத பெட்டி. அதை மாட்டுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் போய், ஆலைக்குள் சூடு குறைந்த இடம் எது என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, கிழக்கு ஓரத்துத் தூணைக் காட்டினார். "மதியம் நாங்க சோத்துக்கு உக்கார்ற எடம் சார்." எந்தக் காகிதத்திலும் இல்லாத விவரம் அது. அந்தத் தூணிலேயே மாட்டினோம். அதன்பின் அந்தப் பெட்டியால் ஆலை நின்றதில்லை.

முன்பெல்லாம் ஒரு மெஷின் பல நாள் சிக்கலில்லாமல் ஓடினால் அது என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது, எனக்குத் தெரியாமல் யார் அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.