சவடால் வீரனுக்கு முகமூடி எதற்கு

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக இருந்த றீற்றாவுக்கு மனிதர்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கிடையாது. தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறவர்கள் அந்தச் சாய்வு நாற்காலியில் எப்படி வெடவெடக்கிறார்கள் என்பதை நாள் முழுக்கப் பார்க்கிறவள் அவள். தமிழ்ச் சங்கக் கூட்டங்களுக்குப் போனால் அந்த அபிப்பிராயம் இன்னும் இறங்கும். மைக்கைப் பிடித்தவன் எவனும் தானாக மேடையை விட்டு இறங்கிய வரலாறு இல்லை என்பாள். "மெல்லக் கதையும், கேக்கப்போகினம்" என்று கணவர் ஸ்ரனிஸ்லாஸ் அவள் முழங்கையைத் தட்டுவார். கேட்கட்டும் என்றுதான் அவள் சொல்வதே.

இப்படிப்பட்டவள் 2005ஆம் ஆண்டுக் கோடையில், கொலோனில் ஒரு சதுக்கத்தில், இத்தாலியக் கூத்தாடிகளைப் பார்த்து வயிறு நோகச் சிரித்தாள். அவர்கள் பேசியது ஒரு சொல்லும் விளங்கவில்லை. விளங்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. வளைந்த மூக்கு முகமூடி போட்ட கஞ்சக் கிழவன், அரைகுறை லத்தீனை அள்ளிவிடும் பண்டிதன், எந்நேரமும் பசிக்கிற வேலைக்காரன், போகாத போரைப் பற்றிப் புளுகிவிட்டு எலியைக் கண்டதும் மேசைமேல் ஏறும் சவடால் வீரன். யார் யார் என்பதெல்லாம் கையில் கொடுத்த ஜெர்மன் துண்டுத்தாளில் இருந்தது. நானூறு வருடங்களுக்கு மேலாக இதே ஆட்கள்தான் வருகிறார்களாம். கதையின் போக்கை மட்டும் முன்பே பேசிவைத்துக்கொண்டு, வசனத்தை மேடையிலேயே கட்டிக்கொள்வார்களாம்.

"இவையள் எங்கட சங்கத்துக்கு எப்ப வந்து பாத்தவை?" என்று ஸ்ரனிஸ்லாஸிடம் கேட்டாள் றீற்றா.

அந்த இலையுதிர் காலத்தில் ஊரின் மாலை வகுப்புகளில் இந்தக் கூத்தையும் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அறிந்து போய்ச் சேர்ந்தாள். நடத்தியவர் பெயர் ஹோல்கர். வெனிஸில் இரண்டு வாரம் படித்ததை இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிகிற மனிதர். முதல் நாளே, "இங்கே வசனம் கிடையாது, எல்லாம் உள்ளத்திலிருந்து பீறிட்டு வரவேண்டும்" என்றார். அடுத்த வாரம் எல்லோருக்கும் வசனத்தை அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். றீற்றாவுக்குக் கொடுத்த தாளில் ஒரு வரியும் இல்லை. அவள் பணிப்பெண்ணாம், தட்டோடு வந்து தட்டோடு போகவேண்டுமாம்.

"உன் கண்களே பேசும்" என்றார் ஹோல்கர்.

"எனக்கு வாயும் இருக்கிறது" என்று ஜெர்மன் மொழியில் சொன்னாள் றீற்றா.

ஒத்திகையொன்றுக்குச் சவடால் வீரனாக நடிக்கிறவர் காய்ச்சலால் வரவில்லை. றீற்றா கேட்காமலே அவருடைய தோல் முகமூடியை எடுத்து மாட்டினாள். மாட்டியதும், சங்கத் தலைவர் விஜயரத்தினம் அவளுக்குள் வந்து இறங்கினார். இரண்டு கையையும் பின்னால் கட்டி, வயிற்றை முன்னால் அனுப்பிவிட்டுப் பிறகு தான் போகும் அந்த நடை. பேசத் தொடங்குமுன் அந்தத் தொண்டைச் செருமல். விஜயரத்தினம் மேடை கிடைக்கும்போதெல்லாம் சொல்லும் கதை ஒன்று உண்டு: ஜெர்மனிக்குள் அவர் பனிக்காட்டு வழியாக நடந்து வந்தபோது ஓநாய் ஒன்று வழிமறித்ததாம்; அவர் முறைத்த முறைப்பில் அது வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியதாம். கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி, ரயிலேறி மேற்குக்கு வந்தவர் அவர் என்பது கெல்சென்கிர்ச்சன் முழுக்கத் தெரியும். அந்த ஓநாயைத்தான் றீற்றா அன்றைக்கு ஜெர்மன் மொழியில் விரட்டினாள். விரட்டி முடிந்ததும் வெளியில் ஒரு நாய்க்குட்டி குரைத்ததாகப் பாவனை செய்து மேசையில் பாய்ந்து ஏறினாள். மற்றவர்கள் நிலத்தில் இருந்து சிரித்தார்கள். ஹோல்கருக்கு வேறு வழி இருக்கவில்லை. வீரன் வேடம் அவளுக்கே ஆயிற்று.

ஜெர்மன் மேடையில் ஒரு தமிழ்ப் பெண் ஏறுகிறாள் என்று கேள்விப்பட்டதும் விஜயரத்தினம் பொன்னாடையோடு வரப்போவதாகத் தாமே அறிவித்தார்.

ஸ்ரனிஸ்லாஸ் பதறிப்போனார். "அந்த ஓநாயை மட்டும் விடும். நாளைக்கு அந்த மனிசன்ர முகத்தில முழிக்க ஏலாது."

"நான் முகமூடி போட்டிருப்பன். நீங்கள் முழியுங்கோ."

அரங்கேற்றத்தன்று முன்வரிசை நடுவில் விஜயரத்தினம், பின்னால் சங்கத்தார். றீற்றா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து ஒரு செருமல் செருமினாள். தமிழர் இருந்த பக்கம் மூச்சு நின்றது. ஓநாய் வந்தபோது எல்லோருடைய கண்ணும் முன்வரிசைப் பிடரியில் போய் ஒட்டிக்கொண்டது. அந்தப் பிடரி குலுங்கியது. விஜயரத்தினம் தொடையில் அடித்து அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்! பிறகு யார்தான் அடக்குவது?

முடிந்ததும் அவர் யாரும் கூப்பிடாமலே மேடைக்கு ஏறிப் பொன்னாடையைப் போர்த்தினார். மைக்கைப் பிடித்தார். "எங்கட சமூகத்திலயும் இப்பிடிப் புளுகிற ஆக்கள் இருக்கினம். தங்கச்சி நல்லாப் பிடிச்சுக் காட்டியிருக்கிறா. ஆனா உண்மையாவே பனிக்காட்டால வந்தவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்" என்று தொடங்கி, தமிழிலும் ஜெர்மனிலும் மாற்றி மாற்றிச் சொன்னார். இந்த முறை ஓநாய்கள் மூன்று. சனம் கதிரையிலிருந்து சரிந்தது. ஜெர்மன்காரர் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இதுவும் நாடகத்தில் ஒரு பகுதி என்றே ஹோல்கர் நினைத்தார். நடிப்பு இல்லை என்று றீற்றா எவ்வளவோ சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. "நடிப்பென்றே தெரியவில்லை! அதுதானே கலை!" என்றார். அடுத்த பருவத்தில் வீரன் வேடம் விஜயரத்தினத்துக்குப் போயிற்று. அவர் முகமூடி போட மறுத்துவிட்டார். சனம் தலைவரின் முகத்தைப் பார்க்கவேண்டுமாம். றீற்றாவுக்குப் பழையபடி தட்டு.

"அதை நீங்களே தூக்குங்கள்" என்று ஹோல்கரிடம் சொல்லிவிட்டு வெளியேறினாள்.

வீட்டில் அவள் அழுதாள் என்று சொன்னால் அது புளுகு. ஒரு கிழமை முழுக்கப் பாத்திரங்களை ஓசைப்படக் கழுவினாள். பிறகு தேவாலயத்து நிலவறை மண்டபத்தை ஞாயிறு மாலைகளுக்குக் கேட்டு எடுத்தாள். யோகத்தையும் இராஜேஸ்வரியையும் சேர்த்துக்கொண்டாள். இருவரும் சங்கத்தில் வடை சுட்டே வாழ்நாளைக் கழித்தவர்கள், சொல்லாமல் வைத்திருந்த கதை ஏராளம். தாள் இல்லை, வசனம் இல்லை. முதல் கூத்துக்கு வந்த கூட்டம் இரண்டு வரிசைக்கும் காணாது. ஆனால் கஞ்சக் கிழவனாக யோகம் ஒரு தேத்தண்ணிப் பையை ஏழு பேருக்குப் பிழிந்தபோது, அந்த இரண்டு வரிசையும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தது.

2008இல் ஒருநாள், ஸ்ரனிஸ்லாஸ் வற்புறுத்தி, விஜயரத்தினத்தின் நாடகத்துக்கு அவளைக் கூட்டிப்போனார். மண்டபம் நிரம்பி வழிந்தது. மூன்றாவது நிமிடத்தில் றீற்றா சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. எரிச்சலோடு மறுபடியும் சிரித்தாள்.

"நல்லாத்தானே சிரிச்சனீர்" என்றார் ஸ்ரனிஸ்லாஸ் வாசலில்.

"சிரிச்சனான்தான். மதிச்சுச் சிரிக்கேல்லை."

அதற்குள் விஜயரத்தினம் வியர்வையைத் துடைத்தபடி வந்துவிட்டார். "தங்கச்சி, உம்மட குழுவுக்கு ஒரு நல்ல நடிகர் தேவையெண்டால் யோசிக்காமல் சொல்லும்."

"ஓம் அண்ணை. ஆரையும் தெரிஞ்சால் அனுப்பிவிடுங்கோ."

அவர் அதற்கும் தொடையில் அடித்துச் சிரித்தார். ஸ்ரனிஸ்லாஸ் அவசரமாகக் காரை எடுக்கப் போனார்.