எட்டாவது வளைவில் அக்காவின் லாரி

என் அக்கா பல் கட்டுகிறவள். டாக்டர் இல்லை. டாக்டர் வாயில் அளவெடுத்து அச்சை அனுப்புவார். அதைப் பார்த்து மெழுகில் பல் வடித்து, செட்டாக்கிக் கொடுப்பது அவள் வேலை. பல் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பத்துக்குப் பத்தில் ஓர் அறை. ஒரு சின்ன உலை, பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கு, அலமாரி நிறைய யார் யாருடைய வாயோ. ஊரில் பாதிப் பேர் கடித்துச் சாப்பிடுவது அவள் தயவில்தான். ஆனால் அவளை யாருக்கும் தெரியாது. பல் நன்றாக அமைந்துவிட்டால், "கைராசியான டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அக்காவுக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று நான் கேட்டதில்லை.

நாற்பத்தேழாவது வயதில் அவளுக்கு லாரிப் பைத்தியம் பிடித்தது. அதற்கு நானும் சாட்சி.

அன்றைக்கு ஜன்னலுக்குக் கம்பி வாங்கப் பழைய இரும்புக் கடைக்குப் போனோம். அக்கா, நான், அத்தான் மூன்று பேரும். அத்தான் பஸ் டெப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதுகிறவர். சைக்கிள் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாதவர். கடையின் கோடியில், செடி முளைத்த நிலையில் ஒரு பழைய ராணுவ லாரி கிடந்தது. ஆறு சக்கரம். ராணுவம் ஏலத்தில் விட்டு, கல் குவாரியில் கல் சுமந்து, அங்கேயும் வேண்டாமென்று தள்ளப்பட்ட வண்டி. முன்பக்கக் கம்பிகள் நாலைந்து உடைந்திருந்தன. விளக்குகள் இல்லை.

அக்கா குனிந்து அடியில் பார்த்தாள். சேலையில் துரு அப்பியது அவளுக்குத் தெரியவில்லை.

"முன்பல் எல்லாம் போயிருக்கு," என்றாள். "ஆனா தாடை கல்லு மாதிரி இருக்கு."

அத்தான் என்னைப் பார்த்தார். "மாப்ளே, உங்க அக்கா கம்பியப் பத்திப் பேசல."

நாங்கள் அன்று ஜன்னல் கம்பி வாங்கவில்லை.

வண்டியை நிறுத்த இடம் வேண்டுமே! மரக்கடைக்காரர் தன் கொட்டகையில் பாதியைக் கொடுத்தார். வாடகை கேட்கவில்லை, மேல் பல் செட்டு ஒன்று, கீழ்ப் பல் செட்டு ஒன்று கேட்டார். வண்டியின் கையேட்டை அக்கா எங்கோ ஒரு பழைய வண்டிக்காரர்கள் சங்கத்திலிருந்து இரவல் வாங்கினாள். என் ஜெராக்ஸ் கடையில் முந்நூற்றிருபது பக்கத்தையும் பெரிதாக்கி எடுத்துக் கொடுத்தேன். அது என் பங்கு. கையேட்டை ஒரு பரீட்சைக்குப் படிக்கிறவளைப் போல் படித்தாள். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் ஏதாவது ஒரு பக்கம் இருக்கும்.

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. பிளக் துளைகளில் எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றிவிட்டு, தினமும் காலையில் வேலைக்குப் போகும் வழியில் கொட்டகைக்குப் போய், எஞ்சினைச் சுற்றும் கைப்பிடியைப் போட்டு ஒரு முறை இழுத்துப் பார்ப்பாள். அசையாது. பூட்டிவிட்டுப் போய்விடுவாள். பத்தொன்பதாவது நாள் காலையில் என் கடைக்கு போன் வந்தது.

"டேய், நகர்ந்துடுச்சு."

"எவ்வளவு?"

"ரெண்டு விரக்கடை."

ரெண்டு விரக்கடைக்கு மனுஷி அழுதுகொண்டிருந்தாள்.

கதவில் நாலு அடுக்குப் பெயிண்ட் இருந்தது. மெழுகு சுரண்டும் கத்தியால் அவள் அதைப் பொட்டுப் பொட்டாக எடுத்தாள். மஞ்சள், நீலம், பிறகு ஒரு சிவப்பு, அதற்கும் அடியில் பச்சை. பச்சை மேல் வெள்ளையில் ராணுவம் எழுதிய ஆறு இலக்க எண். வண்டிக்குப் புதுப் பச்சை அடித்தபோது அந்த எண் இருந்த ஒரு சாண் இடத்தை மட்டும் தொடாமல் விட்டாள். பெயிண்டர் முகம் சுளித்தான். "அசிங்கமா தெரியுமேக்கா." "தெரியட்டும்," என்றாள்.

அடுத்த வருஷம் எஞ்சின் ஓடியது. ஆனால் ஐந்து நிமிஷம் ஓடும், இருமும், நின்றுவிடும். பிளக்குகளுக்கு முறை வைத்து நெருப்பு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுகிற சின்ன வெண்கலச் சக்கரம் ஒன்று இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும். அதன் பற்கள் கத்தி முனை போல் தேய்ந்து, இரண்டு பல் உடைந்தும் இருந்தன. எங்கே விசாரித்தும் கிடைக்கவில்லை. லேத் பட்டறைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையில் கொடுத்தார்.

"பல்லு சாய்வா வெட்டியிருக்கு. நம்ம மெஷின்ல வராதுக்கா. விட்டுடுங்க."

"பல்லுதானே?" என்றாள் அக்கா.

அவள் அதைப் பல் அறைக்கு, தன் நாற்காலிக்கு எடுத்துப் போனாள். ஒவ்வொரு பல்லிலும், ஓரமாக, எதிர்ச் சக்கரம் படாத இடத்தில் ஒரு நூல் அகலத்துக்குத் தேயாத பாகம் மிஞ்சியிருந்தது. அதை வைத்துப் பழைய வடிவத்தைக் கண்டுபிடித்தாள். மெழுகில் ஒவ்வொரு பல்லாக ஏற்றினாள். அதை அச்சு மாவில் பதித்து, உலையில் வெண்கலம் உருக்கி வார்த்தாள். முதல் வார்ப்பு ஆறியதும் சுருங்கிவிட்டது. இரண்டாவதில் காற்றுக் குமிழி. அச்சு மாவில் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தால் சுருக்கத்துக்கு ஈடு கட்டலாம் என்பது முப்பது வருஷப் பழக்கம். மூன்றாவது, டிஸ்ட்ரிபியூட்டர் பெட்டிக்குள் வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. அன்று பல் ஆஸ்பத்திரி டாக்டரும் கொட்டகைக்கு வந்திருந்தார்.

"என்னம்மா, லாரிக்குக் கடைவாய்ப் பல்லா?"

"ஆமா சார். இதுக்கு மட்டும் அளவு நானே எடுத்தேன்."

எஞ்சின் ஐந்து நிமிஷத்தைத் தாண்டியது. பத்து. அத்தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாற்பது நிமிஷம் ஆனபோது, "போதும்மா, பெட்ரோல் தீர்ந்துடும்," என்றார். குரல் மட்டும் போதும் என்று சொல்லவில்லை.

கனரக வண்டி லைசென்ஸ் வாங்கப் போன இடத்தில், "யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்று கேட்டார்கள். "என்னையேதான்," என்று சொல்லிவிட்டு ஏறினாள். அந்தக் காலத்து கியருக்கு ஒரு தடவை கிளட்ச் மிதித்தால் போதாது. மிதித்து, விட்டு, மறுபடி மிதிக்க வேண்டும். தப்பினால் பட்டாணி அரைப்பது போல் சத்தம் வரும். மூன்று மாதம் மைதானத்தில் பட்டாணி அரைத்தாள். பிறகு ஒருநாள் சத்தமே இல்லை.

ஐம்பதாவது வயதில், பழைய வண்டிக்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தாள். மலைப் பாதையில் பதினெட்டு வளைவுகள் ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டும். குறித்த நேரத்தில் போய்ச் சேருகிற வண்டிக்குக் கோப்பை. இருபத்திரண்டு வண்டிகள் வந்தன. ஓட்டுகிறவர்களில் பெண் இவள் ஒருத்திதான். அத்தான் பக்கத்து சீட்டில் கடிகாரமும் நோட்டுமாக உட்கார்ந்தார். நான் பின்னால், தார்ப்பாய்க்குக் கீழே.

எங்களுக்கு முன்னால் நின்ற லாரியின் சொந்தக்காரர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அவர் வண்டியில் முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு மினுமினுப்பு. அத்தானிடம் வந்தார்.

"சார், இந்த ஏத்தத்துல பார்த்து ஓட்டுங்க."

"நான் மணி பார்க்கிறவன் சார். ஓட்டுறது அவங்க, செஞ்சதும் அவங்க."

கறுப்புக் கண்ணாடி அக்காவை ஒரு தடவை பார்த்தார். பிறகு கதவில் பெயிண்ட் அடிக்காமல் விட்ட இடத்தைப் பார்த்தார். "வேலை பாக்கி போலிருக்கு," என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

எட்டாவது வளைவில் எல்லா வண்டிகளும் நின்றன. ஒரு மினி பஸ், எதிரே வந்த காருக்கு வழிவிடப் போய், பின்சக்கரத்தை வடிகாலுக்குள் விட்டுக் குறுக்கே சாய்ந்திருந்தது. பயணிகள் கீழே இறங்கி நின்றார்கள். ஒரு பெண்மணி கைக்குழந்தையை வெயிலுக்கு மறைத்துக்கொண்டிருந்தாள். ஓரமாக ஒரு வண்டி போகிற அளவுக்கு இடம் இருந்தது. வண்டிகள் ஒவ்வொன்றாக மெல்ல நெளிந்து நெளிந்து போயின. பஸ் டிரைவர் கையெடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். கறுப்புக் கண்ணாடி ஜன்னலை இறக்கி, "மேலே போய் கிரேனுக்குச் சொல்றேன்," என்றார். போனார்.

எங்கள் முறை வந்தது. அக்கா எஞ்சினை நிறுத்தினாள்.

"நமக்கு இன்னும் அம்பத்தோரு நிமிஷம்தான் இருக்கு," என்றார் அத்தான்.

"என்னங்க, இந்த வண்டி எதுக்குச் செஞ்சதுன்னு நினைச்சீங்க? ஊர்வலம் போகவா?"

அத்தான் நோட்டை மூடினார்.

அவள் பஸ்ஸுக்கு அடியில் படுத்துப் பார்த்தாள். எங்கள் லாரியின் முன்னால் இரும்பு வடம் சுற்றியிருக்கும் வின்ச்சிலிருந்து வடத்தை இழுத்துவந்து, அதன் கொக்கியை பஸ்ஸின் பம்பரில் கட்டாமல் அடிச்சட்டத்தில் மாட்டினாள். நான் மரக்கடைக்காரர் கொடுத்த கட்டைகளை எங்கள் சக்கரங்களுக்கு அடியில் வைத்தேன். வடம் அறுந்தால் ஆளை வெட்டிவிடும் என்று அதன் மேல் கனமான ஈரப் போர்வையைப் போட்டாள். பிறகு நிமிர்ந்து நின்று ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள்! இருபது வருஷமாக அவளை மெதுவாகப் பேசுகிறவள் என்றுதான் அத்தானின் டெப்போவில் சொல்வார்கள்.

"எல்லாரும் அந்தப் பாறைக்கு அப்பால போங்க! போன் எடுத்துட்டு யாரும் கிட்ட வரக் கூடாது! டிரைவரண்ணே, நான் ஹாரன் அடிச்சதும் பிரேக்கை விடுங்க. முன்னாடி விட்டுடாதீங்க."

லாரியில் ஏறி ஹாரன் அடித்தாள். முன் வின்ச் சுற்ற ஆரம்பித்தது. வடம் நாண் போல் விறைத்தது. எஞ்சின் சத்தம் தாழ்ந்து கனத்தது, ஆனால் தடுமாறவில்லை. அவள் வேகம் கூட்டவே இல்லை. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, செட்டில் பல் பதிக்கும்போது உதட்டைக் கடிப்பாளே, அப்படியே கடித்துக்கொண்டிருந்தாள். பஸ் முனகியது. ஒரு முழம் வந்தது, நின்றது. அவள் காத்திருந்தாள். மறுபடி இழுத்தாள். பின்சக்கரம் வடிகாலின் விளிம்பில் ஏறி, தொப்பென்று சாலையில் விழுந்தது.

கைதட்டல் மலையில் எதிரொலித்தது. பஸ் டிரைவர் ஓடி வந்து, "யம்மா, நீங்க மிலிட்டரியா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. பல்லு கட்டுறேன்."

அவருக்குப் புரியவில்லை. வடம் உரசி முன் பம்பரில் ஒரு நீளக் கீறல் விழுந்திருந்தது. நான் காட்டினேன். "வேலை செஞ்ச வண்டிடா. கீறல் விழத்தான் செய்யும்," என்று கட்டைகளை எடுக்கச் சொன்னாள்.

நாங்கள் கடைசியாகப் போய்ச் சேர்ந்தோம். மைதானத்தில் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். கோப்பையை வேறொருவர் வாங்கிக்கொண்டு போயிருந்தார். மேஜையில் இருந்த அலுவலர் எங்கள் எண்ணுக்கு எதிரே 'ஒரு மணி இருபது நிமிடம் தாமதம்' என்று எழுதி, கையெழுத்துக்காக அத்தானிடம் நீட்டினார். அத்தான் பேனாவை வாங்கவில்லை.

"காரணம் எழுதலையே?"

"அதெல்லாம் எழுதுறதில்ல சார்."

"முப்பத்தோரு வருஷமா நான் தாமதம் எழுதுறேன். காரணம் இல்லாம ஒரு வரி எழுதினதில்ல. எழுதுங்க."

மூன்று வருஷத்தில் அத்தான் லாரியில் ஓர் ஆணி கழற்றியதை நான் பார்த்ததில்லை. அன்று அவர் நின்ற நிலையைப் பார்த்து அந்த அலுவலர் எழுதினார்: 'வழியில் விழுந்த பேருந்தை மீட்டதால்.' அத்தான் படித்தார். "இன்னும் ஒண்ணு. ஓட்டுநர் பேருக்குப் பக்கத்துல 'வண்டியைச் செய்தவரும் இவரே'ன்னு சேர்த்துக்குங்க." அதையும் சேர்த்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு முந்தானையில் கை துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள்.

அந்தத் தாளைச் சட்டம் போட்டுப் பல் அறையில் மாட்டியவர் அத்தான்தான். அளவு சரிபார்க்க வருகிறவர்கள் இப்போது அந்த அறைக்கே வந்து உட்காருகிறார்கள். தாளைப் படித்துவிட்டு அவளைப் பார்க்கிறார்கள். நாலைந்து மாதம் கழித்து கறுப்புக் கண்ணாடிக்காரரும் வந்தார். கைக்குட்டையில் முடிந்து ஒரு தேய்ந்த வெண்கலச் சக்கரம் கொண்டுவந்திருந்தார். அக்கா அதை விளக்கடியில் வைத்துப் பார்த்துவிட்டு, "உக்காருங்க சார்," என்றாள். "உங்களுக்கு முன்னாடி மூணு பேரு வாயத் திறந்துட்டு இருக்காங்க. அவங்கள முடிச்சிட்டு வர்றேன்."