முந்தானையில் வந்த சாவி

கண்ணாடிக் கதவைத் திறந்ததும் பழைய எண்ணெயும் மரமும் கலந்து ஒரு வாசனை வரும் பாருங்கள்... பழைய அமெரிக்கக் கடிகாரத்தின் வாசனை. அது மூக்கில் ஏறினால் எனக்கு அன்று முழுவதும் கால் தரையில் பாவாது.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். பூனாவின் கேம்ப் பகுதியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தன. ஞாயிறு காலையில் பங்களாவில் சாமான்களைப் பரப்பி விற்பார்கள். நாங்கள் குடியிருந்த ராஸ்தா பேட்டிலிருந்து நானும் பக்கத்து வீட்டு ஜுலைகாவும் குதிரை டாங்கா பிடித்துப் போய்விடுவோம். அவள் ஆம்பூர்க்காரி, வீட்டுக்காரருக்குத் தோல் வியாபாரம். அவளுக்குப் பீங்கான் மேல் ஆசை, எனக்குக் கடிகாரம். அப்போதே வீட்டில் மூன்று ஓடிக்கொண்டிருந்தன.

"ஒரு வூட்டுக்கு எத்தனை மணி வேணுங்கக்கா? ஒண்ணு சொல்றதை இன்னொண்ணு ஒத்துக்கிறதே இல்ல" என்று வழியெல்லாம் சீண்டுவாள்.

அன்று போனது டோரா என்ற வயதான அம்மாளின் வீட்டுக்கு. மறுநாள் காலை பம்பாய் ரயில், அங்கிருந்து கப்பல். மகன் இங்கிலாந்தில்.

அலமாரி மேல் அது நின்றது. செதுக்கிய மரம். கண்ணாடியில் தங்க நிறக் கொடி. உள்ளே முதுகுப் பலகையில் கம்பெனிக்காரன் ஒட்டிய காகிதம் ஒரு மூலைகூடக் கிழியவில்லை!

பத்து மணி ஆயிற்று.

நான்கே நான்கு அடித்து ஓய்ந்தது.

கணவர் இருந்தவரை அவர்தான் அதற்குச் சாவி கொடுப்பாராம். அவர் போன பிறகு யாரோ முள்ளைப் பின்னால் திருப்பிவிட, அன்றிலிருந்து இப்படித்தானாம். கெட்டுப்போனதைக் கப்பலில் ஏற்றி என்ன செய்ய, பிடித்திருந்தால் கொடுப்பதைக் கொடுத்து எடுத்துக்கொள் என்றார் டோரா.

அது கெடவே இல்லை. இந்த மாதிரிக் கடிகாரம் முள்ளைப் பார்த்து அடிக்காது. தன் வரிசைப்படி நான்குக்குப் பின் ஐந்து, ஐந்துக்குப் பின் ஆறு என்று போகும். உள்ளே தொங்கும் ஒரு கம்பியைத் தூக்கித் தூக்கி விட்டால் மணி சேர்ந்துவிடும். ஒரு நிமிஷ வேலை.

ஜுலைகாவுக்கும் தெரியும், என் வீட்டில் பார்த்திருக்கிறாள். காதோடு சொன்னாள்: "பேசாம இருங்கக்கா. வூட்டுக்கு எடுத்துட்டுப் போய் சரி பண்ணிக்கலாம்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். சத்தியமாக. ஆனால் டோரா அந்த மரத்தை முந்தானையால் துடைப்பது போலத் தன் கவுன் ஓரத்தால் துடைத்துக்கொண்டிருந்தார்...

சாவியை வாங்கி முழுக்க முறுக்கினேன். கம்பியைத் தூக்கினேன். ஐந்து. ஆறு. ஏழு. எட்டு. ஒன்பது. கடைசியில் பத்து.

டோரா டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். பத்தையும் உதட்டால் எண்ணினார். பிறகு, இதை விற்பதற்கில்லை என்றார்.

திரும்பும்போது ஜுலைகா டாங்காவில் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் புடவையை மடிக்கிறேன்... முந்தானை முடிச்சில் ஏதோ கனத்தது. டோராவின் சாவி! குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாதென்று வீட்டில் சாவி கொடுத்ததும் முடிந்துகொள்வேன். அந்தப் பழக்கம்.

ஜுலைகாவைக் கூப்பிட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "கடியாரத்த அவங்களுக்கு வுட்டீங்க, சாவிய நாம எடுத்துக்கிட்டோம். நல்ல பங்குக்கா."

ஸ்டேஷனில் ஓடினோம். வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. ஜன்னலோரம் டோரா, மடியில் போர்வை சுற்றிய கடிகாரம். நான் மூச்சிரைத்துப் பின்தங்க, ஜுலைகா என் கையிலிருந்து சாவியைப் பிடுங்கி ஓடி, டோரா நீட்டிய கையில் வைத்துவிட்டாள். அவள் புர்கா தூசியோடு திரும்பி வந்து சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இப்போது எனக்கு நாற்பத்தைந்து. கேம்ப்பில் ஞாயிறு விற்பனை கிடையாது. டிரான்சிஸ்டர் நேரம் சொல்கிறது, பையன் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு காலேஜ் போகிறான். என் அலமாரியில் கடிகாரம் ஐந்தாகிவிட்டது.

காலை பத்துக்கு ஐந்தும் ஒன்றன் பின் ஒன்றாக அடித்து ஓயும். இங்கே முழு மணி ஆனால் இங்கிலாந்தில் எப்போதும் ஏதோ ஒரு அரை மணி. அரைக்கு டோராவின் கடிகாரம் ஒரே ஒரு தடவைதான் அடிக்கும்...

அதற்காகக் கொஞ்சம் காத்திருந்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவேன்.