தண்ணீரில் விழுந்த டிரில்

1996-ம் வருடம், மாசி மாதம். சூலூரில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தேன். என் ஒரே தங்கையைத் தாராபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். ஊரை ஒட்டி ஒரு சின்ன அணை. அதில் மீன் பிடிக்கும் குத்தகையை அந்த வருடம் மாப்பிள்ளை எடுத்திருந்தார். ஒழுகும் பரிசல் ஒன்றை வைத்துக்கொண்டு அவர் படும் பாட்டைப் பார்த்து, படகு நான் செய்து தருகிறேன் என்று சவடாலாகச் சொல்லிவிட்டேன். இரும்பு ஆங்கிளில் சட்டம், அதன்மேல் பிளைவுட். எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா! கூடவே தங்கையின் புது வீட்டில் அலமாரி, ஜன்னல் திரைக்கம்பி என்று மாட்டுகிற வேலைகளும் இருந்தன. என் பட்டறையில் இருந்தது தரையில் நிற்கும் பெரிய டிரில்லிங் மிஷின். அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கையில் பிடிக்கும் டிரில் ஒன்று வாங்கக் கோவைக்கு பஸ் ஏறினேன்.

டவுன்ஹால் பக்கம் ஒரு பாய் நடத்தும் டூல்ஸ் கடை. கடைக்காரருக்கும் கிட்டத்தட்ட என் வயதுதான். என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் எங்கே வேலை என்று கேட்டார். சொன்னேன்.

"தண்ணிக்கரைன்னா வயரு வேண்டாமுங்ணா. இதைப் பாருங்க" என்று ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். பேட்டரியில் ஓடும் டிரில். நான் அதுவரை அப்படி ஒன்றைத் தொட்டுப் பார்த்ததில்லை. கையில் வாங்கி ஒரு சுற்று சுற்றிவிட்டு, அரை மணி நேரத்தில் சார்ஜ் தீர்ந்துவிடுமே, இது குழந்தைகள் விளையாடுகிற சாமான் என்று சிரித்தேன். இருபது வருடமாக லேத் ஓட்டுகிறவன், எனக்கே பாடமா என்ற எண்ணம். விலை அதிகமானதைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்றும் தோன்றியது. வயர் வைத்த டிரில்லையே வாங்கினேன். பில் போடும்போது, எர்த்தோடு சேர்ந்த மூன்று கம்பி வயராக வாங்கிக்கொள்ளச் சொன்னார். அதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அணைக்கரையிலிருந்து வீடு வெகுதூரம். பக்கத்தில் இருந்தது மாப்பிள்ளையின் மோட்டார் ரூம்தான். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் அவசரத்துக்கு எல்லோரும் செய்கிற ஒரு வேலை உண்டு. மோட்டார் ஸ்டார்ட்டரிலிருந்து கரண்ட் வரும் பேஸ் ஒன்றை மட்டும் வயரில் கொக்கி போட்டு இழுத்துக்கொள்வார்கள். கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பிக்குப் பதில் ஈர மண்ணில் ஒரு கம்பியை அடித்து, இன்னொரு முனையை அதில் சுற்றிவிடுவார்கள். பல்பும் எரியும், மிஷினும் ஓடும். நானும் அதைத்தான் செய்தேன், அதுவும் தண்ணீருக்குப் பத்தடி தள்ளி.

முதல் நாளே மாப்பிள்ளை சொன்னார்: "மச்சான், இங்க நின்னா காலுல சுருசுருங்குதுங்க." செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். வேறென்ன சொல்ல, நான்தான் எல்லாம் தெரிந்தவனாயிற்றே!

மூன்றாம் நாள் காலை. படகு முக்கால்வாசி முடிந்துவிட்டது. எங்கேயாவது ஒழுகுகிறதா என்று பார்க்கப் பாதிப் படகைத் தண்ணீருக்குள் தள்ளி வைத்திருந்தோம். விளிம்பில் கடைசித் துளைகளைப் போட்டுக்கொண்டிருந்தேன். விசையை அழுத்தி அழுத்தி விரல் கடுத்ததால், விசை தானாக அழுந்தி நிற்பதற்கென்று டிரில்லில் இருக்கும் பூட்டுப் பொத்தானை அமுக்கியிருந்தேன். பாதித் துளையில் கரண்ட் போனது. அங்கே கரண்ட் போனால் மதியத்துக்கு மேல்தான் வரும். டிரில்லைப் படகின் விளிம்பில் அப்படியே வைத்துவிட்டுக் கரையேறினேன். பூட்டை எடுக்கவில்லை. மோட்டார் ரூம் வரை நடக்கச் சோம்பல்பட்டு வயரையும் கழற்றவில்லை.

தங்கை இட்லி கொண்டுவந்தாள். சாப்பிட்டோம். பாத்திரங்களை எடுத்துக்கொண்டு தண்ணீரில் முழங்கால் அளவுக்கு இறங்கிக் கழுவ ஆரம்பித்தாள். படகுக்கும் அவளுக்கும் நடுவில் ஐந்தாறு அடி இருந்தால் அதிகம்.

அன்றைக்குப் பார்த்து மதியத்துக்கு முன்பே கரண்ட் வந்தது. படகின்மேல் டிரில் உறுமுகிற சத்தம் கேட்டது. நான் திரும்புவதற்குள் அது ஒரு துள்ளுத் துள்ளித் தண்ணீருக்குள் விழுந்தது. என் தங்கை சத்தம்கூடப் போடவில்லை. கையில் பிடித்த தட்டோடு விறைத்து நின்றாள், அப்படியே முகம் குப்புற விழுந்தாள்.

நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. வயரைப் பிடித்து மொத்த பலத்தையும் போட்டு இழுத்தேன். ஸ்டார்ட்டரில் வெறும் கொக்கியாகத்தானே மாட்டியிருந்தேன், அது கழன்று வந்தது. மாப்பிள்ளை குதித்து அவளைத் தூக்கிக் கரையில் போட்டார். ஒரு நிமிடம் போல மூச்சு இல்லை. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு முதுகில் தட்டினார். தண்ணீரைக் கக்கிக் கண்ணைத் திறந்தாள். நான் வயரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஜீப்பில் தாராபுரம் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். போகிற வழியில் மாப்பிள்ளையின் அம்மாவையும் ஏற்றிக்கொண்டோம். அந்த அம்மா ஏறுவதற்கு முன்னால் தங்கை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ண்ணா, வழுக்கி உழுந்துட்டேன்னே சொல்லிப்போடுங்க. கரண்டுன்னு தெரிஞ்சா அத்தை உங்களத்தான் பேசுவாங்க" என்றாள். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. அந்த நிலையிலும் பிறந்த வீட்டுக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்பதுதான் அவள் கவலை.

டாக்டர் கேட்டதற்கும் வழுக்கி விழுந்ததாகவே சொன்னாள். பக்கத்தில் மாமியார் நிற்கிறார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். வெட்கத்தோடு எழுதுகிறேன், நானும் கொஞ்ச நேரம் சும்மாதான் நின்றேன். தண்ணீர் குடித்ததற்கு மட்டும் மருந்து எழுதி, வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று டாக்டர் சீட்டைக் கிழித்து நீட்டினார்.

அதை வாங்கப் போன மாப்பிள்ளையின் கையைத் தடுத்தேன். "இல்லீங்க டாக்டர், கரண்டு அடிச்சதுங்க. என் தப்புதானுங்க" என்றேன்.

டாக்டர் கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தார். இதயத் துடிப்பைச் சோதித்துப் பார்த்தார்கள். அது சீராக இல்லை. இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்று படுக்க வைத்தார்கள். இதைச் சொல்லாமல் கூட்டிப் போயிருந்தால் என்ன வேண்டுமானாலும் ஆகியிருக்கும் என்றார் டாக்டர். அந்த அம்மா என்னைப் பேசவேண்டிய அளவுக்குப் பேசினார். ஒரு வார்த்தைகூட அதிகமில்லை. மூன்றாம் நாள் துடிப்பு சரியாகி, தங்கை நடந்தே ஜீப்பில் ஏறினாள்.

அடுத்த வாரம் மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். பேட்டரி டிரில் வேண்டும் என்றதுமே பாய் என் முகத்தைப் பார்த்தார். "ஆருக்குங்ணா, என்னாச்சு?" என்றார். நடந்ததைச் சொன்னேன். "நான் சொன்னேனே" என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு டீ வரவழைத்தார். அன்றைக்குத்தான் நான் வாயைத் திறந்து கேள்வி கேட்டேன். எதற்கெல்லாம் தாங்கும், எதற்குத் தாங்காது, எத்தனை பேட்டரி வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவரும் மறைக்காமல் சொன்னார். கனமான இரும்பில் பெரிய துளை போட்டால் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், அதையெல்லாம் பட்டறையிலேயே முடித்துக்கொள்ளுங்கள், கரையில் பலகை வேலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒன்று ஓடும்போது இன்னொன்று வீட்டில் சார்ஜ் ஏறட்டும் என்று இரண்டு பேட்டரி உள்ள பெட்டியைக் கொடுத்தார். அப்படியே செய்து படகையும் முடித்தேன், வீட்டு அலமாரியையும் மாட்டினேன்.

என் தங்கை இன்றைக்கும் அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும் வழுக்கித்தான் விழுந்தேன் என்கிறாள். இதைப் படித்தால் என்மேல் கோபித்துக்கொள்வாள். கோபித்துக்கொள்ள அவள் இருக்கிறாள் என்ற ஒன்றுக்காகவே, அது கரண்ட்தான், என் தப்புதான் என்று இன்னும் எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.