ஏரிக்கரையில் இருபத்திரண்டு நிமிடம்

என் கணவருக்கு இரண்டு தாரம். மூத்தவள் ஒன்பதாம் நம்பர் பஸ். அவளோடு பத்தொன்பது வருஷம் குடித்தனம், என்னோடு பதினேழுதான். அதனால் எங்கள் வீட்டில் அவள் சொன்னதுதான் சட்டம்.

சனி, ஞாயிறு இரண்டும் அவளுக்கு. எனக்கு விட்டது செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு அவர் வீட்டில் இருப்பார், நான் நகர நூலகத்தில் கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருப்பேன். எட்டு மணி நேரம் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டிய வேலை. "அங்க சேர்த்து வச்சதை எல்லாம் இங்க வந்து கொட்டுறா" என்று இவர் என் தம்பியிடம் சொன்னதாகக் கேள்வி. சொல்லட்டும். கொட்டத்தான் செய்வேன். கல்யாணமான நாளிலிருந்து ஒரு சனிக்கிழமை, ஒரே ஒரு சனிக்கிழமை, நாங்கள் இருவரும் பகல் வெளிச்சத்தில் சேர்ந்து வெளியே போனதில்லை. யாரிடம் கொட்டுவது?

ஆளைக் குறை சொல்ல முடியாது என்பதுதான் பெரிய குறை. அதிர்ந்து பேச மாட்டார். சாப்பிட ஏழு நிமிடம். சமையலறையிலிருந்து கூடத்துக்கு வரும்போது இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பார். நாங்கள் எல்லோரும் நாற்காலியில் உட்காரும்வரை நின்ற இடத்தை விட்டு நகர மாட்டார். எங்கள் பெண்ணுக்குப் பதினைந்து வயது. எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அவளுக்கு வீட்டில் வக்கீல் என்று பேர். அவள்தான் ஒருநாள், "அம்மா, அப்பாவுக்கு பஸ் ஓட்டத் தெரியாது. பஸ்தான் அப்பாவை ஓட்டுது" என்றாள்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, மூத்தவளுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேறு டிரைவர் வேறு வண்டியை ஓட்டுவார் என்று சொல்லி இவருக்கு விடுப்பு கொடுத்தார்கள். கூடவே டிப்போ மேனேஜர் ஒரு தாளையும் நீட்டியிருக்கிறார். டைம்கீப்பர் வேலை. மேசை, நாற்காலி, மின்விசிறி, சனி ஞாயிறு லீவு. சம்மதமென்றால் கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "போடுங்க கையெழுத்தை!" என்றேன்.

"பார்க்கலாம்" என்றார்.

பதினேழு வருஷத்தில் இந்தப் 'பார்க்கலாம்' போல என் வயிற்றெரிச்சலைக் கிளப்பிய வார்த்தை வேறு கிடையாது. சரி, வாயால் சொன்னால் கேட்காத மனுஷன், கண்ணால் பார்த்தாவது புரிந்துகொள்ளட்டும் என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை ஏரிக்கரைக்குப் போகிறோம், சாயங்காலம்வரை புல்லில் கிடக்கிறோம். லீவு என்றால் என்ன ருசி என்று ஒருதரம் தெரிந்துவிட்டால் தானாகப் பேனாவை எடுப்பார். இதுதான் என் திட்டம்.

என் தம்பி பெயிண்ட் கடை வைத்திருக்கிறான். அவனுடைய வேனைக் கேட்டு வாங்கினேன். ஒரே பெயிண்ட் வாடை, ஆனால் ஏழு பேர் உட்காரலாம். சாவியைக் கொடுக்கும்போதே, "மாமா, இதுக்கு மணி அடிக்க கயிறெல்லாம் கிடையாது" என்று கிண்டல் செய்தான். பாய், அவித்த முட்டை, ரொட்டி, தர்பூசணி, பிளாஸ்கில் டீ எல்லாம் ஏற்றி எட்டேகாலுக்குக் கிளம்பினோம். நான் முன்னால் ராணி மாதிரி உட்கார்ந்தேன். வக்கீல் பின்னால்.

ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தது. வேன் ஓரம் கட்டி நின்றது.

"எதுக்கு நிறுத்துனீங்க?"

அவருடைய கை தானாகப் போய் ஒரு பொத்தானை அழுத்தியது. பஸ்ஸில் அந்த இடத்தில் கதவு திறக்கிற பொத்தான் இருக்குமாம். இதில் இருந்தது ரேடியோ. காது கிழிய ஒரு பாட்டு அலறியது. நான் அதை அணைப்பதற்குள் பின்கதவு திறந்தது, ஒரு நர்ஸம்மா ஏறினார், ஜன்னலோரம் உட்கார்ந்தார், "புது டிரைவர் நிக்கவே இல்லீங்க, போயிட்டாரு. நல்லவேளை நீங்க வந்தீங்க" என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடிவிட்டார். நைட் ஷிப்ட் முடிந்து வருகிற ஆள். அடுத்த நொடி குறட்டை.

நான் வாயைப் பிளந்தபடி இவரைப் பார்த்தேன்.

"பழக்க தோஷம்" என்றார். காதெல்லாம் சிவந்திருந்தது. "அவங்க வீடு ஏரிக்குப் பக்கத்துலதான். எறக்கி விட்டுடலாம்."

"சரி, இவங்க ஒருத்தரோட நிறுத்திக்கோங்க. சொல்லிட்டேன்."

பாலத்தடி நிறுத்தத்தில் மறுபடியும் வேன் ஓரம் கட்டியது. இந்தத் தடவை நான் அவர் தோளில் ஒன்று வைத்தேன். அதற்குள் தூண்டிலும் வாளியுமாக ஒரு பெரியவர் ஏறிவிட்டார். ஏறியவர் சட்டைப்பையிலிருந்து சில்லறையை எடுத்து என் கையில் திணித்து, "ஏரிக்கரை ஒண்ணு" என்றார். சத்தியமாக, என்னைக் கண்டக்டர் என்று நினைத்துவிட்டார்! வக்கீல் பின்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். சிரித்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த நிறுத்தம், பேக்கரி முனை! இறங்குபவர்கள் தயாராக இருக்கவும்!" என்று அறிவிப்பு வேறு.

பேக்கரி முனையிலும் நின்றது. விடிய விடிய அடுப்படியில் வெந்து வீட்டுக்குத் திரும்புகிற பேக்கரிக்காரர், மிச்சமான பன் ஒரு தட்டு நிறைய வைத்துக்கொண்டு ஏறினார். எனக்கு மூக்குக்கு மேல் வந்த கோபம் அந்தச் சூடான பன் வாசனையில் கொஞ்சம் இறங்கிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஏரிக்கரையில் வேலமரத்தடியில் பாயை விரித்தோம். இறக்கிவிட வேண்டிய நர்ஸம்மா எழுந்திருக்கவே இல்லை. பாவம் என்று வேனின் கதவைத் திறந்து வைத்து அப்படியே தூங்க விட்டோம். தூண்டில்காரர் பத்தடி தள்ளி உட்கார்ந்தார். பேக்கரிக்காரர், "ஒரு டீ குடிச்சிட்டுப் போறேம்மா" என்று உட்கார்ந்தவர்தான். கூட்டத்தோடு கூட்டமாக நானும் முட்டையை உரித்தேன். தண்ணீர் பளபளவென்று கிடந்தது, எதிர்க்கரையில் யாரோ நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள், காற்று பாயைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஆகா, இதுக்குத்தானே பதினேழு வருஷம் தவம் கிடந்தேன் என்று காலை நீட்டினேன்.

இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்தார். பேன்ட்டைத் தட்டிவிட்டு, "போலாமா?" என்றார்.

"எங்கே?"

"இருபத்திரண்டு நிமிஷம் ஆயிடுச்சு."

ஒன்பதாம் நம்பருக்குக் கடைசி நிறுத்தம் இந்த ஏரிக்கரைதான். இங்கே வண்டி இருபத்திரண்டு நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பும். ஒருநாளைக்கு நாலு தடவை இங்கே வந்து போகிற மனுஷன், ஒரு தடவைகூட இறங்கித் தண்ணீரைத் தொட்டதில்லையாம். ஸ்டீயரிங் மேல் தலையை வைத்துப் படுத்திருப்பாராம்.

"அப்பா, திரும்பற ட்ரிப் ரத்து. ஷூவைக் கழட்டுங்க" என்று வக்கீல் தீர்ப்பு சொன்னாள்.

கழற்றினார். பத்தொன்பது வருஷமாக வெயிலே படாத பாதம், உரித்த முட்டை மாதிரி இருந்தது. ஒரு காலை வைத்தார். "அடேயப்பா, சில்லுனு இருக்கு!" என்றார். இன்னொரு காலை வைத்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பை நான் கல்யாண போட்டோவில்கூடப் பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துக் கால் வைக்கிறவர், சிரித்த சிரிப்பில் பார்க்காமல் வைத்துவிட்டார். பாசி வழுக்கித் தொப்பென்று மார்வரை தண்ணீரில் உட்கார்ந்தார். தூண்டில்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "மீன் எல்லாம் ஓடிப்போச்சு டிரைவர் சார்" என்றார்.

அவர் சட்டையைக் கழற்றிப் பிழிந்தேன். பையில் ஒரு தாள். டைம்கீப்பர் தாள்.

கையெழுத்துப் போட்டிருந்தது. தேதி வியாழக்கிழமை.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"அன்னைக்கே போட்டுட்டீங்களா? அப்புறம் எதுக்குப் பார்க்கலாம்னீங்க?"

"நீ கேட்டு நான் எதைத்தான் குடுத்திருக்கேன்? சனிக்கிழமை ஒண்ணுதானே கேட்டே" என்றார். "திங்கக்கிழமை குடுத்துட்டு வந்து சொல்லலாம்னு நெனச்சேன். முன்னாடியே சொன்னா... மனசு மாறிடுமோன்னு பயம்."

"யார் மனசு?"

அவர் தண்ணீரைப் பார்த்தார்.

அப்போது பேக்கரிக்காரர் டீயை உறிஞ்சிக்கொண்டே, யாரும் கேட்காமலேயே, "இவர் போயிட்டா அந்த அம்மா பாடுதான் கஷ்டம்" என்று வேன் பக்கம் தலையை ஆட்டினார். "ஆஸ்பத்திரியில எட்டு மணிக்கு டியூட்டி முடியும். கணக்கெல்லாம் ஒப்படைச்சிட்டு ஓடி வர எட்டு ஏழு ஆயிடும். வண்டி எட்டு அஞ்சுக்கு எடுக்கணும். இவர் ரெண்டு நிமிஷம் நிப்பாரு. அதுக்கு மெமோவே வாங்கியிருக்காரு, தெரியும்ல?"

தெரியும். மூன்று மெமோ. மூன்றையும் இவர் முகத்துக்கு நேரே ஆட்டி, "கடிகாரம் பார்க்கத் தெரியாதா உங்களுக்கு? ரெண்டு நிமிஷத்துக்கு மெமோ வாங்குற மடையன் உலகத்துல உண்டா?" என்று கத்தியவள் நான். ஏன் நின்றீர்கள் என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். அவரும் சொல்லவில்லை. தர்பூசணி வெட்டுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு இவர் வேனுக்குப் போய் ஹாரனை மெல்ல இரண்டு தட்டுத் தட்டினார். நர்ஸம்மா சட்டென்று எழுந்து, பையை எடுத்துத் தோளில் மாட்டி, "வர்றேங்க" என்று நேரே வீட்டைப் பார்த்து நடந்தார். தினமும் அவருடைய நிறுத்தத்தில் இவர் இப்படித்தான் எழுப்புவாராம். ஆறரை மணி நேரம் தூங்கியது அந்த அம்மாவுக்குத் தெரியுமோ என்னவோ!

ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கையளவு புல்தரையில் மூன்று பேரும் மல்லாந்து கிடந்தோம். தலைக்கு மேலே கொடியில், சட்டைக்குப் பக்கத்தில், அந்தத் தாள் கிளிப் போட்டுக் காய்ந்துகொண்டிருந்தது. மை கொஞ்சம் ஊறியிருந்தாலும் கையெழுத்து நன்றாகத் தெரிந்தது. ஒன்பதாம் நம்பர் போகிற சத்தம் தெருமுனையில் கேட்கும்போதெல்லாம் இவர் கண்ணை மூடியபடியே, "மூணு நிமிஷம் லேட்டு" என்பார். நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். எனக்கு வேண்டிய சனிக்கிழமை அதில்தான் இருந்தது. ஒரு வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு.

திங்கட்கிழமை காலை அவர் கொடியடியில் தேடிக்கொண்டிருந்தார்.

"தாளைப் பார்த்தியா?"

"காத்துல பறந்திருக்கும்."

"கிளிப் அப்படியே இருக்கே?"

"நல்ல காத்து போல."

என்னையே பார்த்தார். "மேனேஜர்கிட்ட வேற தாள் கேட்டு வாங்கிக்கவா?"

"எதுக்கு? மூத்தவளுக்கு உடம்பு தேறிடுச்சாம். காத்துக்கிட்டு இருப்பா, கிளம்புங்க."

மனுஷன் இடது கால் ஷூவை வலது காலில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

அடுத்த சனிக்கிழமை பதினொன்று பத்துக்கு, நானும் வக்கீலும் கூடையோடு எங்கள் தெருமுனை நிறுத்தத்தில் நின்றோம். ஒன்பதாம் நம்பர் வந்தது. கதவு சரியாக என் மூக்குக்கு நேரே திறந்தது.

"எங்க போகணும்?" என்றார், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.

"ஏரிக்கரை ரெண்டு."

"டிக்கெட் எடுங்க. சில்லறையா குடுங்க."

"பொண்டாட்டிகிட்டயேவா?"

"மூத்தவ முன்னாடி பாரபட்சம் காட்ட முடியாது" என்றார். பஸ்ஸே சிரித்தது.

முதல் சீட்டில் உட்கார்ந்தேன். எல்லோரும் உட்காரும்வரை வண்டி நகரவில்லை. கடைசி நிறுத்தத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு, பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் இறங்கி வந்தார். ஷூவைக் கழற்றி, மூன்று பேரும் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். முட்டையை உரித்து அவர் கையில் கொடுத்து, உப்புப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

அவர் உப்பைத் தொடவில்லை. தாளைப் பார்த்தார். மை ஊறிய அவருடைய கையெழுத்து.

"இது..."

"உப்பு மடிக்க வேற தாள் கிடைக்கல" என்றேன். "சாப்பிடுங்க."

சாப்பிட்டார். கண் கலங்கியதற்கு உப்பைக் காரணம் சொன்னார். வக்கீல்கூட வாதாடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நான்தான் அவர் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தேன். "ஐயோ, இருபத்திரண்டு ஆயிடுச்சுங்க!"

"ஆகட்டும்" என்றார். "இன்னும் ரெண்டு நிமிஷம் உட்காரு."

செவ்வாய்க்கிழமை நாலாவது மெமோ வந்தது. அதை நூலகத்துக்கு எடுத்துப் போய் நல்ல சிவப்பு அட்டை போட்டு வைத்திருக்கிறேன்.