மாமனாரும் குறுக்கெழுத்தும்

நேற்று பாசாரில் மீன்காரர் பழைய ஆங்கிலப் பேப்பரில் மீனைச் சுற்றிக் கொடுத்தார். வீட்டில் பிரித்தால், பாதி நனைந்த குறுக்கெழுத்துக் கட்டம். மீனைத் தொட்டியில் போட்டுவிட்டு, நாறுகிற தாளை மேசையில் விரித்து உட்கார்ந்துவிட்டேன். மனைவி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பாவே பரவால்ல லா, அவரு நல்ல பேப்பராச்சும் வச்சிருப்பாரு" என்றாள்.

அவளுடைய அப்பா கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். டத்தோ கிராமாட் பகுதியில் இருந்த அவர் வீட்டுக்கு நான் பெண் பார்க்கப் போன அன்று அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அது லேசுப்பட்ட குறுக்கெழுத்தும் அல்ல. கேட்பது ஒன்று, உள்ளே ஒளித்து வைத்திருப்பது வேறொன்று. என்னோடு வந்த சித்தப்பா கேசரியைக் காலி செய்துகொண்டிருந்தார். நான் என் தட்டையும் அவர் பக்கம் நகர்த்தினேன். பெண்ணை அவ்வளவு பிடித்துப்போய்விட்டது.

திடீரென்று பெண்ணின் அப்பா கட்டத்தைக் காட்டி, "தம்பிக்கு இதெல்லாம் வருமா?" என்றார்.

போச்சு, இதில்தான் மார்க் போடப்போகிறார் என்று நினைத்தேன். பொய் சொல்லவும் தைரியமில்லை.

"சுத்தமா வராதுங்க."

மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப தேதி பாத்துடலாம்" என்றார்.

காரணம் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. எனக்கு முன்னால் வந்த இன்ஜினியர் மாப்பிள்ளை, இவர் காலையிலிருந்து மல்லுக்கட்டிய கடைசி விடையை எட்டிப் பார்த்துப் படக்கென்று சொல்லிவிட்டாராம். இவர் பேப்பரை மடித்துக்கொண்டு உள்ளே எழுந்து போய்விட்டாராம். அந்த இன்ஜினியர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கும் அந்த வித்தை பிடிபட்டது. ஆனால் வாய் திறப்பேனா? மாமனார் தலையைச் சொறியும்போதெல்லாம் தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டு கூரையைப் பார்ப்பேன். விடையை அடக்கி வைப்பது தும்மலை அடக்குவதைவிடக் கஷ்டம்.

அவருக்குக் கண் மங்கிய பிறகு நான்தான் கேள்விகளை வாசித்துக் காட்டினேன். ஆஸ்பத்திரியிலும் அதேதான். ஒரு சாயங்காலம் ஒரே ஒரு கேள்வி மிச்சமிருந்தது. மறுபடி மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, ஒங்களுக்கு இதெல்லாம் வரும்னு ரொம்ப நாளா எனக்குத் தெரியும். சொல்லிடாதீங்க லா. நாளைக்குப் பாப்போம்."

மறுநாள் காலை நான் போவதற்குள் அவர் போய்விட்டார்.

வீட்டுக்குப் பேப்பர் வருவது நின்று வருஷங்களாகிவிட்டன. இப்போது கைப்பேசியில் தட்டினால் விடை தானாக வந்து நிற்கிறது. யாரும் யாருக்காகவும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அந்தக் கடைசி விடையை மட்டும் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவர் மகளிடம்கூட.