கடற்பல்லிக்கு ஓவர்சியர் சாட்சி

முதல் சம்பளத்தில் எல்லாரும் புடவை எடுப்பார்கள். நான் கல் வாங்கினேன். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்ட ஏச்சை இப்போது நினைத்தாலும் உடம்பு பற்றிக்கொண்டு வருகிறது.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியில் சயன்ஸ் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். சிம்மக்கல்லில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த பாய் ஒருவரிடம் ஒரு முழ நீளத்தில் பலகைக்கல் கிடந்தது. அதில் வரிசையாக முதுகெலும்புக் கணுக்கள் பதிந்திருந்தன. "அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுற எடத்துல கெடச்சுச்சாம், டீச்சரம்மா" என்றார். மனிதன் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பு கடலில் நீந்திய ராட்சசப் பல்லியின் எலும்பு, கல்லாகிப் போனது. புத்தகத்தில் படம் மட்டுமே பார்த்த என் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டுமே என்று வாங்கிவிட்டேன்.

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "அசல்தான்னு யாராவது ஆம்பளை பார்த்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் அலமாரியில வைக்க முடியாது" என்றார். அவரும் ஒரு பொம்பளைதான்! விலங்கியல் படித்த நான் எதிரே நிற்கிறேன்; மீசை வந்து சொல்ல வேண்டுமாம்.

எங்கள் வீட்டில் இருந்த மீசை என் அண்ணன். திருமங்கலம் பக்கம் பாலம் கட்டும் ஓவர்சியர். கல்லைப் பார்த்ததும் ஓர் எலுமிச்சம்பழத்தை நறுக்கி அதன்மேல் பிழிந்தார். கல் நுரைத்தது.

"பாத்தியா! சுண்ணாம்பு. எவனோ ஒரு கொத்தனார் பூசி வித்துருக்கான். ஒந் தலையில நல்லா மொளகா அரைச்சுட்டாங்க" என்று சிரித்தார். "நாளைக்கே போயி அந்தக் கடைக்காரன் மூஞ்சியில எறிஞ்சுட்டு வாரேன்."

எறிவாராம்! அவர் தூக்கிக்கொண்டு போவதற்குள் நான் வேலையில் இறங்கினேன். ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் கணுக்களில் வைத்தேன். அரக்கோ மெழுகோ என்றால் உருகி நாறும், ஒன்றும் இல்லை. அண்டாத் தண்ணீரில் ஊறவைத்தேன்; சாயம் இறங்கவில்லை. உடைந்த முனையை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஆட்டெலும்பை முறித்தால் உள்ளே தெரியுமே, அதே பொடிப்பொடித் துளைகள். எந்தக் கொத்தனாருக்கும் அந்தக் கை வராது.

பிறகு தாயம் ஆடும் சோழி ஒன்றை எடுத்து, முதுகு தேய்ந்த பக்கத்தில் மிச்ச எலுமிச்சையைப் பிழிந்து அண்ணன் முன்னால் வைத்தேன். அதுவும் நுரைத்தது.

"இத எந்தக் கொத்தனார் பூசுனான், அண்ணே? கிளிஞ்சலச் சுட்டுத்தான நீங்க சுண்ணாம்பே எடுக்குறீங்க? கடல்ல வெளஞ்சதும் நொரைக்கும், சுண்ணாம்புக்கல்லும் நொரைக்கும்!"

அண்ணன் சோழியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "ம்... இருக்கும்" என்றார். அம்புட்டுதான். தான் சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை? ம்ஹூம்.

மறுநாள் அவரே கல்லைச் சுமந்துகொண்டு பள்ளிக்கு வந்தார். ஊசி வைத்தது, ஊறவைத்தது, சோழி எல்லாவற்றையும் தாமே செய்ததுபோல் விளக்கினார். தலைமையாசிரியைக்கு வாயெல்லாம் பல். நான் வாயைத் திறந்ததும், "இருங்க டீச்சர், சார் பேசட்டும்" என்று அடக்கினார்.

சாயங்காலமே கல் அலமாரியில் ஏறிவிட்டது. கீழே ஓர் அட்டை: 'கடல்வாழ் ஊர்வன ஒன்றின் எலும்பு. அசல் என ஆராய்ந்து வழங்கியவர்: திருமங்கலம் ஓவர்சியர்.'

வழங்கியவராம், வழங்கியவர்! அட்டையைக் கிழித்துப் போட்டேன். மறுநாள் புதிதாக ஒன்று தொங்கியது. அதையும் கிழித்தேன். அப்புறம் அவர்கள் அட்டையே வைக்கவில்லை. நான் ஓய்வு பெறும்வரை அந்தக் கல் அட்டையில்லாமலேதான் இருந்தது. பிள்ளைகள் தொட்டுத் தொட்டுக் கணுவெல்லாம் வழவழப்பாகிவிட்டது. என் பெயரை எழுத மட்டும் கடைசிவரை ஒருவருக்கும் மனசு வரவில்லை.